‘குர்துகள்’ என்றால் எந்தக் குர்துகள்? – வாசகர் கேள்வி பதில்

மேற்காசியாவில் ஏவுகணை பறக்கும் வாரங்களில் குர்துகள் பற்றிய கேள்விகள் எங்களுக்கு மூட்டையாக வந்து சேரும். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துக் கட்டி, மிச்சத்துக்கு இங்கே பதில்.

கேள்வி: ‘குர்துகள் அமெரிக்கா பக்கம்’, ‘குர்துகள் நடுநிலை’ என்று ஒரே வாரத்தில் இரண்டு தலைப்பும் வருகின்றன. எது பொய்?

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். கோளாறு ‘குர்துகள்’ என்ற எழுவாயில் இருக்கிறது. முதல் உலகப் போரில் தோற்ற ஆட்டோமான் பேரரசைப் பங்கிட்ட 1920இன் செவ்ர் உடன்படிக்கை குர்துகளுக்குத் தன்னாட்சி பற்றிப் பேசியது. அதற்கு மாற்றாக வந்த 1923இன் லோசான் உடன்படிக்கையில் அந்தப் பேச்சே இல்லை. துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என நான்கு அரசுகளின் கீழ் நூறாண்டு தனித்தனியாக வாழ்ந்தவர்களுக்கு ஒற்றைத் தலைமை எங்கிருந்து வரும்?

ஒரே நாட்டுக்குள்ளும் இதே கதைதான். ஈராக்கில் பார்ஸானி குடும்பத்தின் கே.டி.பி. கட்சியும் தாலபானி குடும்பத்தின் பி.யு.கே. கட்சியும் 1994 முதல் 1998 வரை தங்களுக்குள் போரிட்டன. 1996 ஆகஸ்ட் 31 அன்று பி.யு.கே.யிடமிருந்து அர்பில் நகரைப் பிடிக்க, கே.டி.பி. துணைக்கு அழைத்தது சதாம் ஹுசேனின் படையை. அதே சதாமின் ஆட்சி 1988 மார்ச் 16இல் ஹலப்ஜாவில் நச்சு வாயு வீசி ஐயாயிரம் பேர் அளவில் கொன்று எட்டாண்டுதான் ஆகியிருந்தது. பி.யு.கே.வுக்குக் கைகொடுத்ததோ ஈரான். ‘குர்துகள் சதாமுடன்’, ‘குர்துகள் ஈரானுடன்’ என்று அன்றைக்குத் தலைப்பு போட்டிருந்தால் இரண்டுமே சரி.

ஆகவே தலைப்பைப் படித்ததும், எந்த நாட்டுக் குர்து, எந்தக் கட்சி, பேசியவர் உட்கார்ந்திருக்கும் ஊர் எது என்று மூன்றையும் தேடிப் பிடியுங்கள். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஈரான் குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சி (1945இல் தொடங்கியது), கோமலாவின் பிரிவுகள் போன்ற ஈரானியக் குர்துக் கட்சிகளின் முகாம்கள் இருப்பது ஈராக் குர்திஸ்தானில். அங்கிருந்து வரும் அறைகூவல் ஒன்று. அந்த முகாம்களுக்கு இடம் கொடுத்திருக்கும் அர்பில் அரசின், அதாவது ஈராக் குர்திஸ்தானின் தன்னாட்சி அரசின், அறிக்கை வேறொன்று. 2022 செப்டம்பர் 28 அன்று கோயா உள்ளிட்ட இடங்களில் அந்த முகாம்களின் மேல் ஈரான் ஏவுகணை விழுந்தது. 2023 மார்ச்சில் அவற்றின் ஆயுதத்தைக் களைந்து எல்லையிலிருந்து அகற்றுவதாக பாக்தாத் தெஹ்ரானிடம் ஒப்புக்கொண்டது. அர்பில் ‘நடுநிலை’ என்று சொன்னால் அது தன் கூரையைக் காக்கச் சொல்வது. முகாமில் இருப்பவர்களுக்கும் சேர்த்து அல்ல. ஈரானுக்குள் இருக்கும் குர்து நகரமான மஹாபாத்தின் கடைவீதிக்கும் சேர்த்து நிச்சயமாக அல்ல.

கேள்வி: மஹ்சா அமினியா, ஜினா அமினியா? எது சரி?

பதில்: பதிவேட்டில் மஹ்சா, வீட்டில் ஜினா. குர்துப் பெயர்கள் பலவற்றை ஈரானின் பதிவு அலுவலகங்கள் ஏற்பதில்லை என்பதால் அங்கே பல குர்துகளுக்கு இப்படி இரண்டு பெயர். 2022 செப்டம்பர் 13 அன்று தெஹ்ரானில் ஆடைக்கட்டுப்பாட்டுக் காவலர்களால் பிடிக்கப்பட்டு, 16ஆம் தேதி மருத்துவமனையில் இறந்த 22 வயதுப் பெண், ஈரானின் குர்துப் பகுதியிலுள்ள சக்கேஸ் நகரத்தவர். அவர் சாவுதான் நாடு முழுக்கப் போராட்டத்தைக் கிளப்பியது. ‘மஹ்சா’ என்று மட்டும் எழுதும்போது அவர் ஊரும் மொழியும் செய்தியிலிருந்து உதிர்ந்துவிடுகின்றன. ‘ஜினா’ மட்டும் எழுதினால் தேடுபவருக்குப் பாதி ஆவணம் கிடைக்காது. முதல் முறை ‘ஜினா மஹ்சா அமினி’ என்று முழுதாக எழுதிவிட்டுப் பிறகு ஒன்றைப் பின்பற்றலாம்.

இந்தச் செய்தி வெளியே வந்த வழியும் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவமனையில் பெற்றோர் ஒருவரையொருவர் அணைத்து நின்ற படத்தை வெளியிட்டவர் ‘ஷர்க்’ நாளிதழின் நிலூஃபர் ஹமேதி. சக்கேஸ் அடக்கத்துக்கு நேரில் போய் எழுதியவர் ‘ஹம்மிஹன்’ நாளிதழின் எலாஹே முகமதி. இருவரும் தெஹ்ரானில் உரிமம் பெற்று நடக்கும் பத்திரிகைகளில் வேலை பார்த்தவர்கள். வெளிநாட்டு வானலைக்காரர்கள் அல்லர். ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்து 2024 ஜனவரியில்தான் பிணையில் வந்தார்கள். ‘ஈரானுக்குள் பத்திரிகையே இல்லை’ என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களையும் சொல்லுங்கள்.

கேள்வி: ‘பெண், வாழ்க்கை, விடுதலை’ முழக்கம் தெஹ்ரானில் பிறந்ததுதானே?

பதில்: இல்லை. ‘ஜின், ஜியான், ஆஸாதி’ என்பது துருக்கி, சிரியா பகுதிக் குர்துப் பெண்கள் இயக்கம் பல ஆண்டுகளாக எழுப்பிவந்தது. ஜினாவை அடக்கம் செய்த சக்கேஸின் ஆய்ச்சி இடுகாட்டில் ஒலித்துவிட்டுத்தான் ‘ஸன், ஸெந்தெகி, ஆஸாதி’ என்று பாரசீகமானது. குர்து மொழியில் ஜின் என்றால் பெண், ஜியான் என்றால் வாழ்க்கை. அந்த ஒலி விளையாட்டு வேறு எந்த மொழியிலும் வராது, தமிழிலும்தான்.

கேள்வி: கைபேசிக்கு வரும் போராட்ட வீடியோ உண்மையில் குர்துப் பகுதியில் எடுத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வரிசையாகச் செய்தால் பாதி வீடியோக்கள் கால் மணி நேரத்தில் பிரிந்துவிடும்.

முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். முழக்கமும் துப்பாக்கிச் சத்தமும் பிறகு ஒட்டப்பட்டிருக்கலாம். நான்கைந்து இடங்களில் படத்தை நிறுத்தி, திரைப்பதிவு எடுத்து, கூகுள், யாண்டெக்ஸ் இரண்டிலும் படத்தேடல் செய்யுங்கள். ஒன்றில் சிக்காதது மற்றதில் சிக்கும். 2019 நவம்பர், 2022 செப்டம்பர் என்று ஈரான் போராட்டங்களின் பழைய காட்சிகள் ஒவ்வொரு நெருக்கடியிலும் புது உடுப்பு போட்டு வருகின்றன. பிடிபடாமல் இருக்கச் சிலர் இடவலமாகத் திருப்பிப் போடுவார்கள். கடைப்பலகை எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தால் திருப்பித் தேடுங்கள்.

அடுத்தது எழுத்து. துருக்கியில் லத்தீன் எழுத்து. ஈரானில் பலகைகள் பெரும்பாலும் பாரசீகத்தில். ஈராக் குர்திஸ்தானில் அரபு அடிப்படையிலான குர்து எழுத்து. சில எழுத்துகளின் மேலோ கீழோ கவிழ்த்த கூரை போன்ற சிறு குறி இருக்கும், அது அரபியிலும் பாரசீகத்திலும் இல்லாதது. சிரியாவின் வடகிழக்கில் அரபியும், லத்தீன் எழுத்தில் குர்மாஞ்சியும் (குர்து மொழியின் வடக்கு வழக்கு) ஒரே பலகையில் வரும்.

பிறகு வண்டி எண்கள். துருக்கிப் பலகையில் முதல் இரண்டு எண் மாகாணம்: 21 தியர்பாக்கிர், 30 ஹக்காரி, 47 மார்தின், 65 வான், 73 ஷிர்னாக். ஈரான் பலகையில் வலது ஓரம் தனிக் கட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எண்ணைப் பாருங்கள்: 51, 61 என்றால் குர்திஸ்தான் மாகாணம், 17, 27, 37 மேற்கு அஸர்பைஜான், 19, 29 கெர்மான்ஷா. எண்கள் பாரசீக வடிவில் இருக்கும். 4, 5, 6 ஆகிய மூன்றும் அரபு வடிவத்திலிருந்து மாறுபடும், அங்கேதான் தவறாகப் படிப்பார்கள். ஒரே ஒரு வண்டியை வைத்து முடிவு கட்டாதீர்கள், வெளியூர் வண்டி எங்கும் நிற்கும். ஓரமாக நிறுத்திய ஏழெட்டு வண்டிகளில் பெரும்பாலானவை ஒரே எண்ணாக இருந்தால் நம்பலாம். ‘குர்திஸ்தான்’ மாகாணம் ஈரானின் குர்துப் பகுதியில் ஒரு பங்குதான் என்பதையும் மறக்க வேண்டாம். மஹாபாத் மேற்கு அஸர்பைஜானில் இருக்கிறது. ‘மஹாபாத் என்கிறாய், எண் 51 இல்லையே, பொய்’ என்று முடிவு கட்டிவிட்டால் தவறு உங்களுடையது.

இப்போது ஒலியைத் திறங்கள். ‘தியாகிகள் சாவதில்லை’ என்பது குர்மாஞ்சியில் ‘ஷெஹீத் நாமிரின்’, இன்னொரு குர்து வழக்கான சொரானியில் ‘ஷெஹீத் நாம்ரே’. முதலாவது துருக்கி, சிரியா பக்கம் அதிகம். இரண்டாவது சனந்தஜ், மரிவான், சுலைமானியா பக்கம். ஈரானில் படம் எடுப்பவர்கள் பலர் ஊரையும் தேதியையும் வாய்விட்டுச் சொல்வார்கள், பின்னால் பழசு என்று தள்ளிவிடாமல் இருக்கத்தான். தேதி ஈரானின் சூரிய ஹிஜ்ரி நாள்காட்டியில் வரும். மெஹர் 4, 1401 என்றால் 2022 செப்டம்பர் 26. ஆண்டோடு 621 கூட்டுங்கள். ஜனவரி முதல் மார்ச் 20 வாக்கில் புத்தாண்டு வரை 622. நேரம் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஈரான் கடிகாரம் ஈராக்கை விட அரைமணி முந்தியது. அர்பில் தொலைக்காட்சி ‘எட்டு மணிக்கு’ என்றால் சக்கேஸில் எட்டரை.

இதெல்லாம் இடத்தையும் நாளையும் சொல்லும். யார் சுட்டார் என்பதைச் சொல்லாது. அதற்கு இரண்டாவது கோணத்திலிருந்து எடுத்த வீடியோ வேண்டும்.

கேள்வி: இணையத்தையே நிறுத்திவிட்டால் வீடியோ எப்படி வெளியே வருகிறது?

பதில்: நிறுத்துவதில் பல வகை உண்டு. 2019 நவம்பரில் ஈரான் முழுவதும் ஒரு வார அளவுக்குத் துண்டித்தார்கள். 2022இல் முதலில் குர்திஸ்தான் மாகாணத்தின் சில பகுதிகளில் இணைப்பு விழுந்தது. பிறகு இன்ஸ்டாகிராமும் வாட்ஸப்பும் முடக்கப்பட்டன. கைபேசி இணையம் மாலையில் போய் நள்ளிரவில் வந்தது. 2025 ஜூனில் இஸ்ரேலுடனான போரில் மறுபடி ஏறக்குறைய முழு இருட்டு.

முழுத் துண்டிப்பு இல்லாத நாட்களில் தடையைச் சுற்றிப் போக உதவும் வி.பி.என்., டோரின் ஸ்னோஃப்ளேக் போன்ற கருவிகள் வேலை செய்யும். வெளிநாட்டில் ஒருவர் தன் உலாவியில் ஸ்னோஃப்ளேக்கைத் திறந்து வைத்தால், தடைசெய்த நாட்டிலிருப்பவர் அதன் வழியாக வெளியேறலாம். முழுத் துண்டிப்பில் இவை எதுவும் பயன்படாது. அப்போது எல்லையோர மலைதான் வழி: ஈராக் கோபுரத்தின் அலை எட்டும் இடத்துக்குப் போய், ஈராக் சிம் போட்டு அனுப்புவார்கள். அல்லது நினைவக அட்டை கைமாறிப் போகும். செயற்கைக்கோள் தட்டு வழியாகக் கோப்புகளை இறக்கும் ‘தூஷே’ என்ற ஏற்பாடும் உண்டு, ஆனால் அது ஒருவழிப் பாதை. உள்ளே செய்தி போகும், வெளியே வராது.

எனவே வீடியோ ஏற்றப்பட்ட நேரம் அது எடுக்கப்பட்ட நேரமல்ல. இணைப்பு திரும்பிய இரவில் நான்கு நாள் காட்சிகள் ஒரே மணி நேரத்தில் கொட்டும். அதைப் பார்த்து ‘இன்றிரவு திடீர் எழுச்சி’ என்று எழுதிய பத்திரிகைகள் உண்டு.

கேள்வி: இறந்தவர் எண்ணிக்கை ஏன் ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொன்று?

பதில்: எண்ணும் முறை வேறு. மதிப்பான பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், நாள், இறந்த விதம் இருக்கும். குடும்பமோ இரண்டு தனித்தனி ஆட்களோ உறுதி செய்திருப்பார்கள். இப்படி எண்ணினால் எண் மெதுவாக ஏறும், முதல் வாரத்தில் குறைவாகத் தெரியும். 2022 போராட்டத்துக்கு இப்போது பரவலாக ஏற்கப்படும் ‘குறைந்தது 551 பேர், அதில் 68 குழந்தைகள்’ என்ற கணக்கு மாதக்கணக்கில் சேர்ந்தது.

பிழை வரும் இடங்கள்: பதிவுப் பெயர், வீட்டுப் பெயர் என ஒருவரே இரண்டாகிவிடுவது, பாரசீக, குர்து, ஆங்கில எழுத்துக்கூட்டல்களில் ஒருவரே மூன்றாகிவிடுவது, காயம்பட்டுப் பல வாரம் கழித்து இறந்தவர் விட்டுப்போவது, சடலம் வேண்டுமானால் ‘விபத்து’ என்று கையெழுத்துப் போடு என்று மிரட்டப்பட்ட குடும்பம் வாய்மூடிக்கொள்வது. முதலிரண்டும் எண்ணைக் கூட்டும், பின்னிரண்டும் குறைக்கும். தந்தை பெயர் இல்லாத பட்டியலை நாங்கள் எடுத்தாளுவதில்லை.

கேள்வி: குர்துத் தொலைக்காட்சிகள் எல்லாம் கட்சிக்காரர்களுடையதா?

பதில்: பெரும்பாலும். அதை மறைப்பவர்கள்தான் பிரச்சினை, இருப்பது அல்ல. ஈராக் குர்திஸ்தானில் ருதாவ் நெச்சிர்வான் பார்ஸானிக்கு நெருக்கம், குர்திஸ்தான்24 மஸ்ரூர் பார்ஸானிக்கு நெருக்கம், குர்த்சாட் பி.யு.கே.யுடையது. அண்ணன் தம்பி மக்கள் இருவருக்கும் தனித்தனி அலைவரிசை என்றால் கேள்வி கேட்கத்தான் தோன்றும்.

துருக்கிக் குர்துகளின் கதை வேறு. 1983இன் 2932ஆம் எண் சட்டம் குர்து மொழியில் வெளியிடுவதையே தடுத்தது, 1991இல்தான் நீங்கியது. 1995இல் லண்டன் உரிமத்தோடு மெட் டிவி வந்தது. துருக்கி அரசோடு ஆயுதப் போர் நடத்திய பி.கே.கே. இயக்கத்தின் சார்பு என்று சொல்லி 1999இல் உரிமம் பறிக்கப்பட்டது. பாரிஸிலிருந்து மெத்யா டிவி, 2004 முதல் டென்மார்க்கிலிருந்து ரோஜ் டிவி. அதற்கும் 2012இல் அபராதம், 2013இல் மூடுவிழா. செயற்கைக்கோள் அலைவரிசை ஒன்று மூன்று கண்ணியில் தொங்குகிறது: உரிமம் தரும் நாடு, வானுக்கு ஏற்றும் நிலையம், செயற்கைக்கோள் நிறுவனம். எதன் கழுத்தைப் பிடித்தாலும் திரை இருண்டுவிடும். 2009 ஜனவரி 1இல் துருக்கி அரசே குர்து மொழியில் டி.ஆர்.டி. 6 தொடங்கியது. மொழி வந்தது, அரசு சொல்லாத செய்தி வரவில்லை.

பெரிய துருக்கி அலைவரிசைகள் நடுநிலை என்று நினைக்க வேண்டாம். 2011 டிசம்பர் 28 இரவு, ஈராக் எல்லையோரக் குர்து ஊரான ரோபோஸ்கி அருகே எல்லைக் கடத்தல் வழியில் வந்த 34 பேர் துருக்கி விமானக் குண்டுவீச்சில் இறந்தார்கள். அவர்களில் பலர் பதின்ம வயதினர். சமூக ஊடகத்தில் படங்கள் சுற்றிய பின்னும் பெரிய தொலைக்காட்சிகள் மறுநாள் வரை வாய் திறக்கவில்லை. 2013இல் இஸ்தான்புல் கெஸி பூங்காவில் கண்ணீர்ப்புகை பறக்க, சி.என்.என். துர்க் பெங்குவின் ஆவணப்படம் காட்டியது. மேற்குத் துருக்கியின் பார்வையாளர்கள் பலருக்கு அன்றுதான் உறைத்தது: நம் தெருவிலேயே இப்படியென்றால், தியர்பாக்கிரிலிருந்து இத்தனை ஆண்டு நமக்குக் காட்டியது என்ன?

கேள்வி: போர்முனையில் குர்துப் படையோடு திரியும் செய்தியாளரை எப்படிச் செய்தியாளர் என்பது?

பதில்: ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறை, பிரிவு 79: ஆபத்தான இடத்தில் தொழில் செய்யும் செய்தியாளர் பொதுமக்களில் ஒருவர். ஆயுதம் எடுக்காதவரை அவருடைய சார்பு அந்தப் பாதுகாப்பைப் பறிக்காது. 2024 ஆகஸ்ட் 23இல் சுலைமானியா அருகே ட்ரோன் தாக்குதலில் குலிஸ்தான் தாரா, ஹெரோ பஹதீன் ஆகியோரும், டிசம்பர் 19இல் சிரியாவின் திஷ்ரின் அணை அருகே நாஸிம் தஷ்தான், ஜிஹான் பில்கின் ஆகியோரும் கொல்லப்பட்டார்கள். பின்னிருவருக்காக இஸ்தான்புல்லில் கூடியவர்களில் செய்தியாளர்களையே பிடித்துப் போனார்கள்.

சார்பு உங்கள் வாசிப்புக்கு வேண்டிய தகவல். அவர்கள் படம் காட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஏன்’ என்பதை வேறு இடத்திலும் கேளுங்கள்.

கேள்வி: ஈராக் குர்திஸ்தானில் ஊடகச் சட்டம் நல்ல சட்டம் என்கிறார்களே?

பதில்: நல்ல சட்டம்தான். 2007இன் 35ஆம் எண் சட்டப்படி எழுத்துக்காகச் சிறை இல்லை. ஆகவே அந்தச் சட்டத்தில் வழக்கே போடுவதில்லை. 2021 பிப்ரவரியில் செய்தியாளர்களும் செயற்பாட்டாளர்களுமாக ஐவருக்கு அர்பில் நீதிமன்றம் ஆறாண்டு கொடுத்தது, தேசப் பாதுகாப்பு தொடர்பான 2003இன் 21ஆம் எண் சட்டத்தில்.

கேள்வி: போராட்டம் எதையாவது சாதித்திருக்கிறதா? எப்போதும் அடிதானே?

பதில்: துருக்கியின் வான் நகரம், 2024. மார்ச் 31 உள்ளாட்சித் தேர்தலில் குர்து ஆதரவுக் கட்சியான டெம் கட்சியின் அப்துல்லா ஸெய்தான் நகராட்சித் தலைமையை வென்றார். மாவட்டங்கள் 13உம் அக்கட்சிக்கே. ஏப்ரல் 2 அன்று அவர் தகுதியற்றவர் என்று சொல்லி, தோற்ற ஆளுங்கட்சி வேட்பாளர் கையில் சான்றிதழைக் கொடுத்தார்கள். கடைகள் மூடின, தெரு நிரம்பியது, மற்ற நகரங்களும் சேர்ந்தன. ஏப்ரல் 3 அன்று உச்சத் தேர்தல் வாரியம் சான்றிதழை ஸெய்தானுக்கே திருப்பியது.

விடாமல் மிச்சத்தையும் சொல்கிறோம்: 2025 பிப்ரவரியில் அவரை அகற்றி அரசு தன் பொறுப்பாளரை அமர்த்தியது. ‘கய்யும்’ என்று அங்கே சொல்லப்படுவது இதுதான். வெற்றிச் செய்தி உலகம் சுற்றியது. இரண்டாவது செய்தி ஐந்து வரியில் முடிந்தது.

கேள்வி: நெவ்ரோஸா, நவ்ரூஸா?

பதில்: மார்ச்சில் வரும் புத்தாண்டுத் திருநாளுக்குக் குர்து மொழியில் நெவ்ரோஸ், பாரசீகத்தில் நவ்ரூஸ். துருக்கியில் இது வழக்குக்குரிய விஷயமாக இருந்தது. 1928இன் எழுத்துச் சட்டத்தில் க்யூ, டபிள்யூ, எக்ஸ் மூன்றும் இல்லை. குர்து எழுத்தில் மூன்றும் உண்டு. துருக்கி வழக்கப்படி ‘வி’ போட்டு எழுதாமல் ‘டபிள்யூ’ போட்டு அழைப்பிதழ் அடித்ததற்காக நீதிமன்றம் ஏறியவர்கள் இருக்கிறார்கள். 2013இல்தான் அந்தத் தடை தளர்ந்தது.

கேள்வி: பி.கே.கே. கலைந்துவிட்டது. இனி குர்துப் பிரச்சினை என்று எழுத என்ன இருக்கிறது?

பதில்: 2025 பிப்ரவரி 27இல் ஆயுதத்தைக் கைவிடச் சொல்லி அதன் நிறுவனர் ஓஜலான் விடுத்த அழைப்பு, மே 12இல் கலைப்பு அறிவிப்பு, ஜூலை 11இல் சுலைமானியா அருகே முப்பது பேர் துப்பாக்கிகளைத் தீயிலிட்ட காட்சி. இயக்கம் தொடங்கியது 1978இல். தாய்மொழிக் கல்விக் கோரிக்கை அதைவிட மூத்தது. எழுத நிறைய இருக்கிறது.

கேள்வி: கல்லூரி இதழுக்காக ஈரானிலுள்ள ஒரு குர்து மாணவரை வாட்ஸப்பில் பேட்டி எடுக்கப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: உங்களுக்கு அது பேட்டி, அவருக்கு அது வழக்கு ஆகலாம். ஈரானின் தண்டனைச் சட்டம் பிரிவு 500, அரசுக்கு எதிரான பரப்புரைக்கு மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. போர்க்காலத்தில் அதைவிடக் கனமான குற்றச்சாட்டுகளும் சேரும். (துருக்கியில் உள்ளவரானால் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் 7/2: ஒன்று முதல் ஐந்தாண்டு.)

இரண்டு பக்கமும் இருபடிச் சரிபார்ப்பு, மறையும் செய்தி இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள். தொடர்பில் அவர் பெயரை முழுப்பெயராகச் சேமிக்காதீர்கள். குரலை மாற்றி ஒலிபரப்புவது பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம், பேச்சு வழக்கும் தடுமாற்றமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். எழுத்தாக மட்டும் வெளியிடுங்கள். பெயரை நீக்கினால் போதாது. ‘பானே நகரில் மூன்றாம் ஆண்டு பல் மருத்துவம் படிக்கும் பெண்’ என்பது பெயர்தான். ஊர், படிப்பு, வயது மூன்றில் ஒன்றை மட்டும் வையுங்கள்.

படம் அனுப்புகிறார் என்றால் சங்கடம் ஒன்று. சரிபார்க்க மூலக் கோப்பு வேண்டும். ஆவணமாக அனுப்பிய மூலக் கோப்பிலோ எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு வரை இருக்கலாம். அதை இணையத்தில் சேராத கணினியில் வைத்துப் பாருங்கள், வெளியிட மறுபதிவு செய்த நகலைத் தாருங்கள்.

தொடங்கும்போதே சாதாரணமான ஒரு கேள்வியையும், அதற்கு அவர் மட்டும் சொல்லக்கூடிய பதிலையும் பேசி வையுங்கள். அச்சுக்குப் போகுமுன் அதைக் கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் நிறுத்துங்கள். பதில் வராவிட்டாலும் நிறுத்துங்கள். இதுவரை குர்து மொழியில் எழுதியவர் திடீரென்று பாரசீகத்தில், பேசி வைத்த சொல் இல்லாமல், உங்கள் முகவரி கேட்டால் உடனே தொடர்பைத் துண்டியுங்கள்; அந்தக் கைபேசி அப்போது அவர் கையில் இல்லாமல் இருக்கலாம்.